கூடாரப் பயணத்தில் ஐஸ் பெட்டி கைவிட்டால்: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்க நல்ல காலம் மே முதல் செப்டெம்பர் வரை. மழை குறைவு, குளத்தடியும் கடற்கரையும் காய்ந்து கிடக்கும். அதே மாதங்களில்தான் பகல் வெப்பம் 33, 34 பாகைக்கு ஏறும், கச்சான் காற்றும் மேற்கிலிருந்து அனலாக வீசும். கூல் பொக்ஸில் ‘ஐந்து நாள் ஐஸ் நிற்கும்’ என்று ஒட்டியிருப்பதை இந்த வெயிலில் நம்பிப் போகாதீர்கள். உணவு கெட்டு வயிறு குழம்பினால், பாணமைக்கு அப்பாலோ குடும்பிமலை அடிவாரத்திலோ இருந்து வைத்தியசாலைக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும்.

கீழே ஒவ்வொரு குறியாகச் சொல்கிறேன். உங்கள் பெட்டியில் எது தெரிகிறதோ அதற்கு நேரே போகலாம். எந்தக் குறிக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: சூடு எந்த வழியால் உள்ளே வருகிறது? உள்ளே வந்த சூட்டை விழுங்கித்தான் ஐஸ் கரைகிறது. வழியைக் கண்டு அடைத்தால் வாங்கிய ஐஸே போதும். அடைக்காவிட்டால் இன்னொரு கட்டி வாங்கிப் போட்டாலும் அதுவும் போகும்.

ஐஸ் முதல் நாள் பொழுதுபட முன்னரே தண்ணீராகிவிட்டது

அடிக்கடி வரும் முறைப்பாடு இது. காரணம் ஒன்றல்ல, நாலைந்து. பெரியதிலிருந்து பார்ப்போம்.

முதலில் போத்தல்களைப் பாருங்கள். கடையில் சாதாரணமாக அடுக்கியிருந்த சோடாவையும் தண்ணீர்ப் போத்தலையும் அப்படியே பெட்டிக்குள் போட்டீர்களா? ஒரு கிலோ ஐஸ் கரையும்போது ஏறத்தாழ 334 கிலோஜூல் சூட்டை விழுங்கும். 32 பாகையில் இருக்கும் 10 லீற்றர் பானத்தை 4 பாகைக்கு இறக்க 1170 கிலோஜூல் வேண்டும். அதாவது மூன்றரைக் கிலோ ஐஸ், வேறு எந்த வேலையும் செய்யாமல், போத்தலைக் குளிராக்குவதிலேயே முடிந்துபோகும். ஐந்து கிலோ பை ஒன்று வாங்கியவருக்கு மிச்சம் என்ன? போத்தல்களை முதல் நாள் இரவே பிறிட்ஜில் வைத்துக் குளிராக்கி எடுத்து வாருங்கள். வீட்டில் பிறிட்ஜ் இல்லையென்றால் கடைக்காரரிடம் குளிர்ந்த போத்தலாகவே கேட்டு வாங்குங்கள். சில ரூபாய் கூடக் கேட்டாலும் ஐஸ் செலவோடு பார்த்தால் அது லாபம்.

அடுத்தது பெட்டியின் சுவர். மீன் வியாபாரிகள் வைத்திருக்கும், வெள்ளை நுரையால் செய்த மெல்லிய றெஜிபோம் பெட்டியைத்தான் பலர் இரவல் வாங்கிப் போகிறார்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், அகலமும் உயரமும் 40, சுவர்த் தடிப்பு இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 32 பாகை, உள்ளே ஐஸ். மூடியைத் தொடாமலே விட்டாலும் ஒரு நாளில் சுவர் வழியாக நுழையும் சூடு 14 கிலோ ஐஸைக் கரைக்கும். தடிப்பை இரண்டு மடங்காக்கினால் அது பாதியாகும். ஆகவே அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பெரிய இன்னொரு பெட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் காய்ந்த உமியை நிரப்பி விடுங்கள். நெல் விளையும் மாவட்டத்தில் உமிக்கு யாரும் பெரிதாகக் காசு கேட்கப் போவதில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வந்தாறுமூலை என்று எந்த ஊர் அரிசி ஆலையிலும் சாக்குச் சாக்காகக் கிடைக்கும். உமி நனைந்தால் பயனில்லை. பொலித்தீன் உறையில் கட்டியே வையுங்கள். மூடிக்கு மேலும் ஒரு உமிப்பை வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, நீங்கள் வாங்கிய ஐஸ். வாழைச்சேனை, கல்முனை, பொத்துவில் போல மீன்பிடிப் படகுகள் வந்து சேரும் ஊர்களில் பெரிய கட்டியாக வாங்க முடியும். கடைகளில் பையில் கட்டி விற்பது சின்னத் துண்டுகள். ஒரே நிறைதான் என்றாலும் துண்டு ஐஸுக்கு வெளிப்பரப்பு பல மடங்கு, அதனால் விரைவாகக் கரையும். இரண்டு இரவு தாக்குப்பிடிக்க வேண்டுமானால் கட்டியை உடைக்காமல் வையுங்கள். வாங்கும்போது தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பனி படிந்து விரலில் ஒட்டினால் அது இன்னும் பூச்சியத்துக்குக் கீழே இருக்கிறது. வழவழவென்று நீர் வடிந்தால் கரையத் தொடங்கிவிட்டது, அதை வாங்க வேண்டாம். படகுக்குப் போகும் கட்டி ஐஸ் குடிப்பதற்காகச் செய்ததல்ல. அதை யூசுக்குள் உடைத்துப் போடாதீர்கள், போத்தலுக்கு வெளியே மட்டும் நிற்கட்டும்.

வீட்டிலேயே உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்கள் கடை ஐஸைவிட எனக்குப் பிடித்தவை. கரைந்தாலும் பெட்டிக்குள் வடியாது, கரைந்தபின் குடிக்கலாம். தண்ணீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்பதால் போத்தலின் கழுத்துவரை நிரப்பக்கூடாது. கண்ணாடிப் போத்தலையும் சோடாவையும் உறைய வைக்கவே வேண்டாம், வெடிக்கும்.

கடைசியாக, பெட்டி எங்கே இருந்தது? மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வாகனத்தின் பின்பெட்டிக்குள் வைத்தால் அந்த ஓட்டம் முழுவதும் பெட்டி வேகும். ஆட்கள் இருக்கும் பக்கம், காலடியில் வையுங்கள். இறக்கிய பின் கடற்கரை மணலில் நேராக வைக்காதீர்கள். மத்தியான மணலில் வெறுங்காலுடன் நிற்க முடியாதபோது பெட்டியின் அடி மட்டும் எப்படித் தாங்கும்? இரண்டு தடியைப் போட்டு அதன் மேல் வைத்து, கிடுகோ பன்பாயோ கொண்டு நிழல் கட்டுங்கள். காலையில் நிழலாக இருந்த இடம் மாலையில் வெயிலாகும். கடற்கரை கிழக்கைப் பார்த்திருப்பதால் பிற்பகல் வெயில் தரைப்பக்கத்திலிருந்து வரும். மறைப்பை அந்தப் பக்கத்துக்குக் கட்டுங்கள்.

ஐஸ் நிறைய இருக்கிறது, போத்தல் மட்டும் குளிரவில்லை

இது நல்ல குறி, ஐஸ் கரையவில்லை. போத்தலுக்கும் ஐஸுக்கும் நடுவே காற்று இருக்கிறது, அவ்வளவுதான். காற்று சூட்டைக் கடத்துவதில் மிகவும் மந்தம். பானம் மட்டும் வைத்த பெட்டி என்றால் அதற்குள் இரண்டு மூன்று லீற்றர் தண்ணீரை ஊற்றுங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த நீரில் போத்தல் கழுத்துவரை மூழ்கினால் வெறும் ஐஸுக்குள் புதைத்ததைவிட மிக விரைவாகக் குளிரும். இன்னும் அவசரமா? இரண்டு கைப்பிடி கறியுப்பைத் தூவிக் கலக்குங்கள். உப்பு கலந்த ஐஸ்நீர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். விலை என்னவென்றால் ஐஸ் வேகமாகக் கரையும். ஆகவே உப்பு வித்தையைப் பானத்துக்கு மட்டும், அடுத்த நாள் ஐஸ் வாங்க வழி உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

இதே காரணத்தால் கரைந்த தண்ணீரை உடனே வடித்து ஊற்றுவதும் பிழை. அது இன்னும் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. வடித்தால் அந்த இடத்தில் சூடான காற்று வந்து நிரம்பும். புது ஐஸ் போடும்போது மட்டும் வடியுங்கள். உணவுப் பெட்டியில் கதை வேறு. அதற்கு இப்போது வருகிறேன்.

இறைச்சிப் பை நீரில் மிதக்கிறது, தண்ணீர் சிவந்திருக்கிறது

அந்தத் தண்ணீர் தொட்ட எதையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். தக்காளி, வெள்ளரி, பழம், திறந்த பட்டர் எல்லாம் அதில் அடக்கம். கழுவினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். சமைக்கக்கூடியதைக் கொதிக்கக் கொதிக்கச் சமையுங்கள், மற்றதைப் புதையுங்கள். போத்தல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வாயில் வையுங்கள்.

அடுத்த பயணத்துக்கு இரண்டு பெட்டி கொண்டு போங்கள். ஒன்று பானத்துக்கு, பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்தாலும் பரவாயில்லை. மற்றது உணவுக்கு, சமைக்கும் வேளையில் மட்டும் திறப்பது. கோழியை வீட்டிலேயே துண்டாக்கி, மசாலா பிரட்டி, இரட்டைப் பொலித்தீனில் கட்டி, கல்லுப்போல் உறைய வைத்து எடுங்கள். உறைந்த கோழியே முதல் நாள் முழுவதும் ஐஸின் வேலையைச் செய்யும். அதைப் பெட்டியின் அடியில், தண்ணீர் புகாத மூடியுள்ள பாத்திரத்துக்குள் வையுங்கள். உணவுப் பெட்டியில் சேரும் தண்ணீரை வடிக்கத்தான் வேண்டும்.

மேலே இருப்பது வெதுவெதுப்பு, அடியில் இருப்பது உறைந்துவிட்டது

குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஐஸ் முழுவதையும் அடியில் போட்டால் மேலே குளிர் ஏறாது. பாதியை அடியில் வைத்து, மீதியைப் பொருட்களுக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள். பெட்டியில் வெற்றிடம் இருந்தால் துவாயைச் சுருட்டி அடையுங்கள்.

இடம் போதவில்லையென்றால் வெளியே எடுக்க வேண்டியவை இருக்கின்றன. முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, தேசிக்காய், மாங்காய் எதற்கும் இரண்டு நாளுக்கு ஐஸ் தேவையில்லை. இளநீர் தன் கோதுக்குள்ளேயே நல்லாயிருக்கும். குளிர்ந்த பானம் என்றாலே போத்தல்தான் என்ற எண்ணத்தை விட்டு ஒரு குலை இளநீரை வாகனத்தில் ஏற்றிப் பாருங்கள், பெட்டியில் பாதி இடம் மிஞ்சும்.

பெட்டிக்கு வெளியே வியர்த்து வடிகிறது

கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் இலேசாக நனைவது வழமை. ஒரு பக்கம் மட்டும் திட்டாக வியர்த்தால் அந்த இடத்தில் வெடிப்பு, அல்லது உள்ளே நுரை இல்லாத வெற்றுச் சுவர். இரவில் எரியும் ரோச் லைற்றைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சூடு நுழையும் இடம். மூடியின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்தும் பார்க்கலாம். இலகுவாக வந்தால் இறப்பர் விளிம்பு தளர்ந்துவிட்டது. வெடிப்பை அகலமான ஒட்டு நாடாவால் அடைத்து, மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வீட்டில் பார்க்க வேண்டிய வேலை இது.

மீன்: கண் குழிந்துவிட்டது, செவுள் மங்கிவிட்டது

கிழக்குக்காரருக்குக் கூடாரச் சமையல் என்றால் மீன்தான். காலையில் கரைவலையில் விழுந்ததை வாங்கி மாலையில் சுடலாம் என்று போகிறோம். அந்த ஆறு, ஏழு மணித்தியாலம்தான் ஆபத்தானது.

வாங்கியவுடன் செவுளையும் குடலையும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் நொறுக்கிய ஐஸ் அடைத்து, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று வையுங்கள். கட்டி ஐஸை உடைக்க வேண்டிய ஒரே இடம் இது. நம் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. கண் தெளிந்து புடைத்து, செவுள் சிவந்து, அழுத்திய சதை திரும்பி எழும்பினால் நல்ல மீன். கண் குழிந்து, செவுள் பழுப்பாகி, விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றால் விட்டுவிடுங்கள்.

சூரை, கும்பளா, சாளை மூன்றிலும் இன்னும் கவனம் வேண்டும். இவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்ரமின் என்ற பொருள் உண்டாகிறது. பொரித்தாலும் அவித்தாலும் அது அழியாது. மீன் மணக்காமலும் இருக்கலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடித்துக் கடிக்கும், நெஞ்சு படபடக்கும். நாக்கில் மிளகு பட்டதுபோல் சுள்ளென்று உறைத்தால் அந்த வாயோடு துப்பிவிடுங்கள். மூச்சு முட்டினால் வைத்தியசாலைக்கு உடனே போகவேண்டும். மத்தியானம் முழுவதும் வாகனத்துக்குள் கிடந்த சூரையை ‘உறைப்பாக ஒரு குழம்பு வைத்தால் சரி’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சொல்பவர் எவ்வளவு பெரிய சமையல்காரராக இருந்தாலும்.

இறாலின் தலை கறுத்தால் பலர் பயந்து எறிந்துவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு இறாலின் உடம்பிலுள்ள நொதியத்தால் வருவது, ஆளுக்குத் தீங்கில்லை. மணத்தையும் சதையையும் பாருங்கள். அமோனியா வாடை அடித்தாலோ, சதை கொழகொழத்தாலோதான் எறிய வேண்டும். வாங்கியவுடன் தலையைக் கிள்ளிவிட்டால் இந்தச் சிக்கலே குறையும்.

உயிர் நண்டை ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள், செத்துப்போகும். காலைக் கட்டி, ஈரச் சாக்கில் மூடி, நிழலில் வையுங்கள். செத்த நண்டை எவ்வளவு நேரத்துக்கு முன் செத்தது என்று தெரியாமல் சமைக்க வேண்டாம்.

காலையில் திறந்தால் சோறு நூலாக இழுக்கிறது, கறி புளித்து நுரைக்கிறது

5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. வெளியே 32 பாகைக்கு மேல் என்றால் ஒரு மணித்தியாலம்தான். நம் பகல் பொழுது முழுவதும் அந்தக் கணக்கில்தான் வரும். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது, அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எனவே கெட்ட சோற்றைச் சூடாக்கித் திருத்த முடியாது.

சூடான பாத்திரத்தை அப்படியே ஐஸ் பெட்டிக்குள் வைப்பதும் தீர்வல்ல. ஒரு சட்டி சுடுகறி பெட்டியிலுள்ள மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும். அகலத் தட்டில் பரப்பி, பாத்திரத்தின் அடியைத் தண்ணீரில் நிறுத்தி ஆற்றிய பிறகே உள்ளே போகட்டும். அதைவிட நல்ல வழி, வேளைக்கு வேளை அளவாகச் சமைத்து மிச்சம் வைக்காமல் முடிப்பது. தேங்காய்ப்பால் விட்ட சொதி, பால்கறி, தேங்காய்ச் சம்பல் மூன்றும் முதலில் கெடுபவை. அவற்றை முதல் வேளைக்கு வைத்துக்கொண்டு, பின்னைய நாட்களுக்குக் கருவாடு, மாசி, ரின்மீன், பருப்பு என்று திட்டமிடுங்கள். ஆடி மாதம் உகந்தையிலிருந்து குமண காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் ஐஸ் பெட்டி சுமப்பதில்லை. அரிசியும் பருப்பும் காய்ந்த சாமானும் கொண்டுபோய் வழியில் சமைக்கிறார்கள். நீண்ட பயணத்துக்கு அதுதான் சரியான பட்டியல்.

தயிர்ச் சட்டி கசிகிறது, தயிர் நீர் விட்டுவிட்டது

எருமைத் தயிர் இல்லாமல் மட்டக்களப்பிலிருந்து புறப்பட மனம் வராது. நீர் விட்டது குலுங்கியதால், கெட்டதால் அல்ல. மெதுவாக வடித்துவிட்டுச் சாப்பிடலாம். மண்சட்டிக்கு நுண்துளைகள் உண்டு, ஐஸ் நீரில் நிறுத்தினால் நீர் ஊறி உள்ளே போகும். ஐஸுக்கு மேலே, தட்டில், சாயாமல் வையுங்கள். புளிப்பு ஏறினால் மோராக்கலாம். பச்சை, கறுப்புப் பூஞ்சணம் தெரிந்தால் மேலால் வழித்துவிட்டு உண்ணாமல் சட்டியோடு எறியுங்கள்.

காரில் செருகும் குளிர்பெட்டி குளிராக்கவில்லை

விலை குறைந்த, கம்பிரசர் இல்லாத வகை வெளி வெப்பத்திலிருந்து 15 முதல் 20 பாகை வரைதான் இறக்கும். வெளியே 34 என்றால் உள்ளே 14 அல்லது அதற்கும் மேல். குளிர்ந்த போத்தலைக் குளிராகவே வைத்திருக்க அது உதவும், மீனுக்கும் கோழிக்கும் உதவாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரவு முழுவதும் செருகி வைத்தால் காலையில் பற்றரி இறங்கி வாகனம் நகராது.

ஐஸ் முடிந்துவிட்டது, கடை தூரம்

முதலில் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீரில் கையை வையுங்கள். விரல் விறைக்கும் அளவுக்குக் குளிர் இருந்தால் இறைச்சியையும் மீனையும் அந்த நேரமே எடுத்துச் சமைத்துச் சாப்பிடுங்கள். வெதுவெதுப்பாகிவிட்டது, எப்போது ஆனது என்று தெரியாது என்றால் எறியுங்கள். ஒரு சின்ன வெப்பமானியைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

தண்ணீரும் மரக்கறியும் என்றால் ஈரச் சாக்கு இருக்கிறது. போத்தலை நனைத்த சாக்கில் சுற்றி, காற்றோட்டமான நிழலில் தொங்க விடுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகும். நம்மை வாட்டும் அதே கச்சான் இதற்கு உதவி, காற்று காய்ந்திருக்க இருக்க ஆவியாதல் கூடும். உன்னிச்சைக் குளத்தடியிலோ இங்கினியாகலைப் பக்கமோ ஆடி மாத மத்தியானத்தில் தண்ணீர் ஏழு, எட்டுப் பாகை இறங்கும். கடலோரத்தில், இரவின் ஈரக்காற்றில், இரண்டு மூன்று பாகைகூட இறங்காமல் போகலாம். எப்படிப் பார்த்தாலும் 5 பாகைக்கு அது கொண்டு போகாது. பால், மீன், இறைச்சி எதையும் அதை நம்பி வைக்க வேண்டாம்.

இரவில் பெட்டியைச் சுற்றி எதுவோ நடமாடியிருக்கிறது

குரங்கும் நாயும் மூடியைத் திறக்கக் கற்றவை. கல்லோயா, குமண பூங்காக்களை ஒட்டிய இடங்களிலும் படுவான்கரைக் காட்டோரங்களிலும் யானை வரும். பழம், அரிசி, உப்பு வாசனை அதை இழுக்கும். பெட்டியைக் கூடாரத்துக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். வாகனத்துக்குள் வைத்துப் பூட்டி, கூடாரத்தை வாகனத்திலிருந்து தள்ளி அடியுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் தொலைவில் ஊற்றுங்கள். தடம் தெரிந்தால் மறுநாள் இரவு அதே இடத்தில் தங்காதீர்கள்.

வீடு வந்த பின்னும் பெட்டி மணக்கிறது

சவர்க்கார நீரால் கழுவி, அப்பச்சோடா கரைத்த நீரை ஒரு இரவு விட்டு, வெயிலில் மூடியைத் திறந்து காயவிடுங்கள். மூடியின் இறப்பர் விளிம்புக்குள் பழைய பல்துலக்கியை விட்டுத் தேயுங்கள், வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். றெஜிபோம் பெட்டியில் மீன் வாடை ஊறிவிட்டால் போகாது. அதில் ‘மீன்’ என்று பெரிதாக எழுதி இனி அதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பானத்துக்கு வேறு பெட்டி பாருங்கள்.